முப்பத்தாறு நிறையாத வாழ்வு: சுகுமார் ராயும் அவரைக் காத்த குடும்பமும்

1923 செப்டம்பர் 10 அன்று கல்கத்தாவின் கர்பார் சாலை வீட்டில் சுகுமார் ராய் இறந்தார். முப்பத்தாறாவது பிறந்த நாளுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, 'ஆபோல் தாபோல்' என்ற அவருடைய கவிதைப் புத்தகம் வெளிவந்தது. அதன் கவிதைகளும் படங்களும் அவருடையவை. பக்க அமைப்பையும் நோய்ப்படுக்கையில் இருந்தபடி அவரே கவனித்தார். அச்சாகி வந்த புத்தகத்தைப் பார்க்கத்தான் அவர் இல்லை. நூறாண்டு தாண்டியும் வங்காளத்தில் அந்தக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லாத குழந்தை அரிது.

அவர் இறந்தபோது ஒரே மகனுக்கு வயது இரண்டு, நான்கு மாதம். அந்தப் பிள்ளைதான் சத்யஜித் ராய்.

இளம் வயதில் போன ஒருவர் நூறாண்டுக்குப் பிறகும் இவ்வளவு முழுமையாக நம் கைக்கு வந்து சேர்ந்தது எப்படி? அவர் மேதை, அதனால் நிலைத்தார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மேதைகளின் தாள்களும் பரணில் மக்கிப்போயிருக்கின்றன. பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கின்றன. சுகுமார் நிலைத்ததற்கு அவருடைய திறமை பாதிக் காரணம். எழுதவும் அச்சிடவும் பாதுகாக்கவும் தெரிந்த ஒரு குடும்பம் மூன்று தலைமுறை அவருக்காக உழைத்தது மறுபாதிக் காரணம். அவர் ஆயுள் குறுகியதற்கும் காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு ஆண்டும் ஊரும் உண்டு. குடும்ப வரலாற்றையும் காலத்தின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இந்த இரண்டும் புலப்படும்.

எதிரே கோயில், உள்ளே பள்ளி

குடும்பத்தின் பூர்வீகம் மைமன்சிங் மாவட்டத்து மசுவா கிராமம். இன்று வங்கதேசத்தில் உள்ளது. சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயதளவில், வாரிசில்லாத உறவினரான ஜமீன்தார் ஒருவர் அவரைத் தத்தெடுத்துப் பெயரையும் மாற்றினார். படிக்கக் கல்கத்தா வந்த இளைஞர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். உருவ வழிபாட்டை விட்டு, சாதியை மறுத்து, பெண்கல்வியைக் கையில் எடுத்த அந்த இயக்கத்தில் சேர்வது அன்றைய வைதீகக் குடும்பங்களில் உறவை முறித்துக்கொள்வதற்குச் சமம். உபேந்திரகிஷோர் விதுமுகியை மணந்தார். அவர் பிரம்ம சமாஜத்தின் முன்னணிச் சீர்திருத்தவாதியான துவாரகாநாத் கங்குலியின் மகள்.

கார்ன்வாலிஸ் தெரு 13-ஆம் எண் வீடு 'சாதாரண பிரம்ம சமாஜம்' என்ற பிரிவின் கோயிலுக்கு எதிரே இருந்தது. அங்கேதான் 1887 அக்டோபர் 30 அன்று சுகுமார் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் இரண்டாமவர். அதே ஆண்டில் தாகூரின் 'ராஜரிஷி' நாவல் புத்தகமாக வந்திருந்தது. அதில் வரும் குழந்தைகளான ஹாசி, தாதா என்ற இருவரின் பெயர்களே அக்கா சுகலதாவுக்கும் சுகுமாருக்கும் வீட்டில் கூப்பிடும் பெயர்களாயின. இலக்கியம் அந்த வீட்டில் அலமாரியில் இருந்த பொருளாக இல்லை. பிள்ளைகளை அழைக்கும் பெயரிலேயே இருந்தது.

அந்த வீட்டின் இன்னொரு பகுதியில் துவாரகாநாத்தும் அவருடைய இரண்டாம் மனைவி காதம்பினியும் வாழ்ந்தார்கள். உறவு முறையில் காதம்பினி சுகுமாருக்குப் பாட்டி. சுகுமார் பிறந்தபோது பாட்டிக்கு வயது இருபத்தாறு. 1883-இல் பெத்யூன் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்ற இரு பெண்களில் அவர் ஒருவர். மற்றவர் சந்திரமுகி பாசு. பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1886-இல் மருத்துவரானார். 'பங்கபாசி' என்ற வைதீக இதழ் அவரை இழிவுபடுத்தி எழுதியபோது வழக்குத் தொடுத்து, அதன் ஆசிரியர் சிறை செல்லும்வரை குடும்பம் விடவில்லை. 1893-இல் பிரிட்டனுக்குப் போய் மேற்படிப்பு முடித்துத் திரும்பினார்.

இந்தப் பெண்களை இங்கே நிறுத்திப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சுகுமாரின் குழந்தைப் பருவம் நமக்கு விவரமாகத் தெரிவது அவர் தங்கை புண்யலதா சக்ரவர்த்தி எழுதிய 'சேலேபேலார் தின்குலி' என்ற பால்ய நினைவு நூலால். அண்ணன் கதை கட்டியது, இல்லாத விலங்குகளுக்குப் பெயர் வைத்தது, விளையாட்டுகளுக்குத் தலைமை தாங்கியது எல்லாம் அவர் எழுத்தில் நிற்கின்றன. அக்கா சுகலதாவும் குழந்தைகளுக்காக எழுதியவர். பெண்கள் எழுதப் படிக்கக் கூடாது என்றிருந்த வீடுகளிலும் அதே காலத்தில் திறமையான பிள்ளைகள் இளம் வயதில் இறந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒரு தங்கை இருந்திருப்பாள். அவள் கையில் பேனா இருந்திருக்காது. துவாரகாநாத் தலைமுறை பெண்கல்விக்காக நடத்திய போராட்டம் தன் பேரனின் நினைவையும் சேர்த்துக் காப்பாற்றியது.

ஒரு புள்ளியிலிருந்து ஒரு படம்

உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்காக ராமாயணம் எழுதி, அதற்குப் படமும் வரைந்தார். அன்று படங்களை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிடுவார்கள். செதுக்குபவர் கைபட்டதும் அவர் வரைந்த கோடுகள் சிதைந்தன. அந்த வருத்தம் அவரை அச்சுத் தொழில்நுட்பத்துக்குள் இழுத்தது. 1895-இல் லண்டனின் பென்ரோஸ் நிறுவனத்திலிருந்து கருவிகளை வரவழைத்து, ஹாஃப்டோன் முறையைத் தானே கற்கத் தொடங்கினார். ஒரு படத்தின் நிழலையும் வெளிச்சத்தையும் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாகப் பிரித்து உலோகத் தகட்டில் ஏற்றுவது அந்த முறை. திரைக்கும் தகட்டுக்கும் இருக்க வேண்டிய தூரம், திரையின் கோணம், துளையின் அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டு முறைப்படுத்திய அவருடைய கட்டுரைகள், அச்சுலகின் உயர்ந்த ஏடாகக் கருதப்பட்ட பென்ரோஸ் ஆண்டிதழில் தொடர்ந்து வந்தன. ஐரோப்பாவுக்குப் போகாமலே கல்கத்தாவில் இருந்துகொண்டு அந்தத் துறைக்குப் புதிதாகச் சொன்னவர் அவர். யு. ராய் என்று தொடங்கிய நிறுவனம் பிறகு யு. ராய் அண்ட் சன்ஸ் ஆனது.

சுகுமார் பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் ஆனர்ஸ் படித்து 1906-இல் தேறினார். கல்லூரி முடித்ததும் நண்பர்களையும் உறவினர்களையும் சேர்த்து 'நான்சென்ஸ் கிளப்' நடத்தினார். அதற்கென ஒரு கையெழுத்துப் பத்திரிகை, நடிக்க நகைச்சுவை நாடகங்கள் எல்லாம் அவர் கைவண்ணம். 1911-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் குருபிரசன்ன கோஷ் உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று, லண்டனிலும் மான்செஸ்டரிலும் ஒளிப்படக்கலையும் அச்சுத் தொழிலும் கற்றார். அங்கிருந்து தந்தைக்கும் தாய்க்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் அச்சு இயந்திரங்களின் நுட்பமும் உண்டு, வீட்டு நலமும் உண்டு. 1912-இல் தாகூர் 'கீதாஞ்சலி'யின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டன் வந்தபோது சுகுமாரும் அங்கே இருந்தார். அடுத்த ஆண்டு, தாகூருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மாதம் முன்பு, அவரைப் பற்றி லண்டன் சபை ஒன்றில் ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்தார்.

அவர் வெளிநாட்டில் இருக்கும்போதே 1913-இல் தந்தை 'சந்தேஷ்' என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கிவிட்டார். எழுதுவது, வரைவது, பிளாக் செய்வது, அச்சிடுவது எல்லாம் ஒரே குடும்பத்தின் கைக்குள் நடந்த இதழ் அது. அந்த ஆண்டின் இறுதியில் சுகுமார் திரும்பிவந்து சுப்ரபாவை மணந்தார். கர்பார் சாலையில் தந்தை கட்டிய புது வீட்டில் குடியிருப்பும் அச்சகமும் ஒன்றாக இருந்தன. 1915 டிசம்பர் 20 அன்று உபேந்திரகிஷோர் நீரிழிவால் இறந்தார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வயது மகன் தலையில் நிறுவனமும் இதழும் பெரிய குடும்பமும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

எட்டு ஆண்டுகளின் கனம்

தந்தை இறந்ததிலிருந்து தான் இறக்கும்வரை சுகுமாருக்குக் கிடைத்தது எட்டு ஆண்டுக்கும் சற்றுக் குறைவான காலம். அதில் கடைசி இரண்டு ஆண்டுக்கு மேல் படுக்கையில் போனது. இன்று 'சுகுமார் சாகித்தியம்' என்று வங்காளம் கொண்டாடுவதில் மிகப் பெரும்பகுதி இந்த எட்டு ஆண்டில், 'சந்தேஷ்' இதழின் பக்கங்களை மாதந்தோறும் நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் பிறந்தது.

இந்தக் கட்டாயத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். குழந்தைகளுக்கு அறிவியல் கட்டுரை வேண்டும், எழுதினார். உலகச் செய்தி, வாழ்க்கை வரலாறு, விளையாட்டு, புதிர் வேண்டும், எழுதினார். பக்கத்தின் மூலையில் படம் வேண்டும், வரைந்தார். வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டிப் பிறந்த விலங்கும், மீசை திருடுபோனதாகக் கூச்சலிடும் தலைமை அலுவலகத்து பெரிய பாபுவும், கால் வழுக்கி விழுந்தால் அபராதம் விதிக்கும் நாடும் இப்படி வந்தவை. பிள்ளைகள் அவற்றைச் சிரித்துப் படித்தார்கள். ரௌலட் சட்டத்தின் காலத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்கு அந்த அபராத நாடு எது என்று தெரிந்திருந்தது. அறிவியல் படித்தவருக்கே உரிய ஒழுங்கு அவருடைய ஒழுங்கின்மைக்குள் இருக்கிறது. அவருடைய விலங்குகள் எவ்வளவு விசித்திரமானவையாக இருந்தாலும், எலும்பும் தசையும் பொருந்தி நிற்கும்படி வரையப்பட்டவை.

'மண்டே கிளப்' என்று திங்கட்கிழமைகளில் கூடும் நண்பர் குழாம் ஒன்றும் இருந்தது. கவிஞர் சத்யேந்திரநாத் தத்தா, பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தையான பிரசாந்த மகாலனோபிஸ், மொழியியல் அறிஞர் சுனீதிகுமார் சாட்டர்ஜி, பாடலாசிரியர் அதுல்பிரசாத் சென் ஆகியோர் அதில் இருந்தார்கள். பிளேட்டோவையும் விவேகானந்தரையும் விவாதித்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். பிரம்ம சமாஜத்துக்குள் மூத்த தலைமுறை இறுகிப்போனபோது இளைஞர்கள் அணிக்கு முன்னால் நின்றவரும் சுகுமார்தான். தாகூரைச் சாதாரண பிரம்ம சமாஜத்தின் கௌரவ உறுப்பினராக்க வேண்டும் என்று 1921-இல் மகாலனோபிஸ் நடத்திய இயக்கத்தில் அவர் உடன் நின்றார். கேலிக்கவிதை எழுதியவர் உலகத்தை விட்டு ஒதுங்கி வாழ்ந்தவர் இல்லை. தன் காலத்துச் சண்டைகளில் அவருக்கு ஒரு பக்கம் இருந்தது.

1922-இல், நோய் முற்றிக்கொண்டிருந்த நாட்களில், 'ஹஜபரல' என்ற நெடுங்கதை 'சந்தேஷ்' இதழில் தொடராக வந்தது. கைக்குட்டை பூனையாக மாறுவதில் தொடங்கும் கதை. அதில் ஒரு பாத்திரம் வயதைப் பற்றி விளக்கம் சொல்கிறது: நாற்பது ஆனதும் வயதைத் திருப்பிவிடுவார்களாம், பிறகு முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்குமாம், பத்துவரை வந்தபின் மீண்டும் ஏறுமாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம். எழுதியவருக்கு அப்போது வயது முப்பத்துநான்கு. நாற்பதைத் தான் தொடப்போவதில்லை என்று ஏறக்குறைய தெரிந்திருந்த ஒருவர், அந்த வேதனையை வாசகர்மேல் ஒரு சொல்லளவுகூடச் சுமத்தாமல் அதை எழுதியிருக்கிறார். எனக்கு அவரிடம் உள்ள மரியாதையில் பெரும்பங்கு இந்தப் பகுதிக்கு உரியது.

ஆயுளைத் தீர்மானித்த காய்ச்சல்

இளம் வயதில் ஒருவர் இறந்தால் நம் வீடுகளில் சொல்லும் சொல் ஒன்று: "ஆயுசு அவ்வளவுதான்." துக்கத்தில் அது ஆறுதல். வரலாறு எழுதும்போது அந்தச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது.

சுகுமாரைக் கொன்றது காலா அசார், அதாவது கருங்காய்ச்சல். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வீங்கும் மண்ணீரல், வற்றும் உடல், கறுக்கும் தோல் என்று மாதக்கணக்கில் ஆளை உருக்கும் நோய். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1820களில் ஜெஸ்ஸூர் பகுதியில் பரவியது. நூற்றாண்டின் இறுதியில் அஸ்ஸாமைச் சூறையாடியது. 1891-க்கும் 1901-க்கும் இடையே நவ்காங் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். குடும்பத்தின் நிலபுலன்கள் இருந்த மைமன்சிங்கும் இந்நோய் பரவிய கிழக்கு வங்காள ஈர நிலம்தான்.

நோய்க்கிருமியைக் கண்டதில் சென்னைக்குப் பங்கு உண்டு. 1903-இல், டம்டம் முகாமில் இருந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் கண்ட நுண்பொருள்களைப் பற்றி வில்லியம் லீஷ்மன் லண்டனில் எழுதினார். அதே ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் தம் நோயாளிகளிடம் அதே கிருமியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். இருவர் பெயரையும் இணைத்து அது 'லீஷ்மேனியா டோனவனி' ஆனது. கிருமியைக் கண்டாயிற்று; அது எப்படிப் பரவுகிறது என்பது தெளியப் பல ஆண்டுகள் ஆயின. மணல் ஈ கடித்து மனிதருக்கு வருகிறது என்பதை அஸ்ஸாமில் ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் ஐயமற நிரூபித்தது 1942-இல்.

மருந்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1915 முதல் ஆன்டிமனி உப்புகளை நரம்பில் ஏற்றும் சிகிச்சை இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அது நீண்ட நாள் பிடிக்கும்; நஞ்சின் தன்மை அதிகம்; பலருக்குப் பயன்படவில்லை. கல்கத்தாவின் சியால்தா பகுதியில் இருந்த கேம்பெல் மருத்துவமனையில், வசதியற்ற ஒரு சிறிய அறையில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-இல் யூரியா ஸ்டிபமைன் என்ற சேர்மத்தை உருவாக்கினார். 1922-இல் அதைச் செலுத்திய நோயாளிகளைப் பற்றி அறிவியல் உலகுக்கு எழுதினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அஸ்ஸாமில் பரவலாகக் கொடுக்கப்பட்டு, லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றியது அந்த மருந்து. கர்பார் சாலையும் சியால்தாவும் ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில்லாதவை. அந்த மருந்து சோதனை நிலையிலிருந்து பொதுச் சிகிச்சையாக மாறிக்கொண்டிருந்த அதே மாதங்களில் சுகுமார் இறந்துகொண்டிருந்தார்.

தந்தையின் மரணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரிழிவு நோயாளி ஒருவருக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொரண்டோவில். உபேந்திரகிஷோர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐம்பத்திரண்டில் போன தந்தை, முப்பத்தைந்தில் போன மகன் இருவருமே மருத்துவத்தின் வாசலில் இறந்தவர்கள். மூன்றாம் தலைமுறையின் சத்யஜித்துக்கு மாரடைப்பு வந்தபோது காலம் மாறியிருந்தது. 1984-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, எழுபது வயதுவரை வாழ்ந்தார். மூவரின் ஆயுளையும் வரிசையில் வைத்தால் தெரிவது தலையெழுத்து இல்லை. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் கால அட்டவணை.

இறப்பதற்குச் சில நாள் முன்பு தாகூர் வந்து படுக்கையருகே உட்கார்ந்து, சுகுமார் கேட்ட பாடல்களைப் பாடினார். மரணத்தை இப்படி அமைதியாக எதிர்கொண்டவரைத் தான் கண்டதைப் பற்றிப் பின்னர் சாந்திநிகேதன் வழிபாட்டுக் கூடத்தில் பேசினார். சுகுமார் போன மூன்றே வாரத்தில், அக்டோபர் 3 அன்று, அறுபத்திரண்டு வயதில் மருத்துவர் காதம்பினியும் இறந்தார். அந்தப் பெரிய வீட்டின் ஒரு யுகம் ஒரே பருவத்தில் முடிந்தது.

சுமந்தவர்கள்

சுகுமாருக்குப் பிறகு தம்பி சுபினய் இதழையும் நிறுவனத்தையும் தாங்கிப் பார்த்தார். முடியவில்லை. சில ஆண்டுக்குள் 'சந்தேஷ்' நின்றது. நிறுவனம் கடனில் மூழ்கியது. கர்பார் வீடு கைவிட்டுப் போனது. சத்யஜித் பின்னாளில் 'ஜகன் சோட்டோ சிலாம்' என்ற தன் பால்ய நினைவுகளில் அந்த அச்சகத்தை வாசனையோடும் ஓசையோடும் எழுதியிருக்கிறார். அதை அவர் விட்டுப் பிரியும்போது வயது ஐந்தோ ஆறோதான்.

சுப்ரபா மகனோடு பவானிப்பூரில் தன் தம்பி வீட்டுக்குப் போனார். விதவைகளுக்காக அபலா போஸ் நிறுவிய வித்யாசாகர் பாணி பவனில் தையல் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்து, பேருந்தில் போய்வந்து சம்பாதித்தார். பாட்டிலும் கைவினையிலும் தேர்ந்தவர். கணவரின் கையெழுத்துப் படிகளும் படங்களும் இருக்க வேண்டிய வீடு போன பிறகும் அவற்றில் பெரும்பகுதி மிஞ்சியதற்கு இத்தகைய பெண்களின் கவனம்தான் காரணம். இந்த வகை உழைப்பு வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வரியில் கடந்துபோகும். உண்மையில் அந்த வரி இல்லாவிட்டால் வரலாறே இல்லை.

சித்தப்பா பிரமதாரஞ்சனின் மகள் லீலா மஜும்தார் ஷில்லாங்கிலிருந்து கல்கத்தா வந்த சிறுமி. 1922-இல் அவருடைய முதல் கதையை 'சந்தேஷ்' இதழில் வெளியிட்டவர் அண்ணன் சுகுமார். நோயுற்ற நிலையிலும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணிடம் இருந்த எழுத்தாளரை அவர் அடையாளம் கண்டார். லீலா வங்காளச் சிறுவர் இலக்கியத்தின் பெரும் பெயரானார். அண்ணனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1940-இல் சுகுமாரின் 'பாக்லா தாஷு' கதைகள் புத்தகமாக வந்தபோது தாகூர் முன்னுரை எழுதினார். தொடர்ந்து சிக்னெட் பிரஸ் சுகுமாரின் எழுத்துகளை அழகிய பதிப்புகளாகக் கொண்டுவந்தது. அந்தப் பதிப்பகத்துக்கு அட்டைகள் வரைந்த இளம் ஓவியர் சத்யஜித்.

1961-இல் சத்யஜித்தும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் 'சந்தேஷ்' இதழை மீண்டும் தொடங்கினார்கள். பிறகு லீலா மஜும்தாரும் புண்யலதாவின் மகள் நளினி தாஸும் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார்கள். தங்கை மகள், சித்தப்பா மகள், சொந்த மகன் மூவரும் சுகுமாரின் நாற்காலியைப் பகிர்ந்துகொண்டார்கள். இதழை நிரப்ப வேண்டும் என்ற அதே கட்டாயம் மகனையும் எழுத்தாளராக்கியது. அவருடைய பேராசிரியர் ஷங்கு என்ற விஞ்ஞானி அந்த இதழில்தான் பிறந்தார். சுகுமார் எழுதிய ஹேஷோராம் ஹுஷியாரின் டைரிக்கு ஷங்கு கடன்பட்டவர் என்பது மகனே ஒப்புக்கொண்டது. 1969-இல் வந்த 'கூபி காயேன் பாகா பாயேன்' படத்தின் கதையோ 1915-இல் தாத்தா 'சந்தேஷ்' இதழில் எழுதியது.

ஒரே நினைவும் ஒரு படமும்

சத்யஜித்துக்குத் தந்தையைப் பற்றிச் சொந்தமாக இருந்தது ஏறக்குறைய ஒரே நினைவு. நோய்க்கு மாற்றுக் காற்று தேடிக் கங்கைக் கரையில் சோடேபூரில் தங்கியிருந்த நாட்கள். சன்னலருகே படம் வரைந்துகொண்டிருந்த தந்தை கப்பல் போவதாகச் சொல்ல, குழந்தை வெளியே ஓடிப்போய் நீராவிக் கப்பலைப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

1987-இல் தந்தையின் நூற்றாண்டுக்காக மேற்கு வங்க அரசின் ஆதரவில் 'சுகுமார் ராய்' என்ற அரைமணி நேர ஆவணப்படத்தை அவர் எடுத்தார். மாரடைப்புக்குப் பிறகு மருத்துவர்கள் வேலையைக் கட்டுப்படுத்தியிருந்த காலம். 1984-இல் வெளிவந்த 'கரே பாய்ரே'வுக்கும் 1989-இன் 'கணசத்ரு'வுக்கும் நடுவில் அவர் எடுத்த ஒரே படம் இது. படத்தின் பொருள் முழுக்கக் குடும்பம் காத்த பொருள்: ஒளிப்படங்கள், கடிதங்கள், 'சந்தேஷ்' பக்கங்கள், கோட்டோவியங்கள், இடையே நாடகக் காட்சிகள். சௌமித்ர சாட்டர்ஜியின் குரல் வாழ்க்கையைச் சொல்கிறது.

உலகமே தன் படங்களுக்காகக் காத்திருந்த ஒரு கலைஞர் இங்கே மகனுக்குரிய உருக்கத்தை அடக்கிக்கொண்டு ஓர் ஆய்வாளரைப் போல வேலை செய்திருக்கிறார். தனக்கு நினைவில்லாத தந்தையைப் பிறர் நினைவுகளால் கட்டுகிறார்: அத்தையின் நூல், பெரியம்மா சித்திகள் சொன்னவை, தாகூரின் சொல், இதழின் தேதிகள். தன் ஒரே நினைவை முதன்மைச் சான்றாக வைக்கவில்லை. குடும்பத்தில் ஒருவரைப் பற்றி எழுதுபவர்கள் கற்க வேண்டிய ஒழுக்கம் இது. நேசிப்பதால் மட்டும் ஒருவரை அறிந்தவராக மாட்டோம். நேசிப்பதால் அவரைத் தேடி அறியும் கடமை வருகிறது.

நினைவுகூர்தல் என்னும் வேலை

"சின்ன வயசுலயே போயிட்டார்" என்று சொல்லப்படும் ஒரு மாமா, ஒரு அத்தை, ஒரு பெரியப்பா இல்லாத குடும்பம் குறைவு. பெரும்பாலும் ஒரு புகைப்படமும் அந்த ஒரு வாக்கியமும் மட்டும் மிஞ்சும். சுகுமாரின் கதையிலிருந்து அந்தக் குடும்பங்களுக்கு நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

அவரைக் கொன்ற நோய் எது, அந்த ஆண்டில் அதற்கு என்ன மருந்து இருந்தது? இதைக் கேட்டால் மரணம் வீட்டுத் துக்கத்திலிருந்து பொது வரலாற்றுக்கு வரும். அவர் என்ன வேலை செய்தார், அந்த வேலை அப்போது எப்படி நடந்தது? ஒருவர் நாளின் பெரும்பகுதி வேலையில்தான் போகிறது. அவர் கை பழகிய கருவியை அறியாமல் அவரை அறிய முடியாது. அவரோடு வளர்ந்த பெண்கள் என்ன சொல்கிறார்கள்? ஆண்கள் பதவியையும் தேதியையும் சொல்லும் இடத்தில், அக்காவும் தங்கையும் பழக்கத்தையும் குரலையும் சொல்வார்கள். அவர் விட்டுப்போன வேலையில் எதை இன்னும் தொடர முடியும்?

கடைசிக் கேள்வியே மற்றவற்றைவிட முக்கியமானது. ராய் குடும்பம் சுகுமாருக்குச் சிலை வைத்ததால் அவர் நிலைக்கவில்லை. அவர் நடத்திய இதழை மறுபடி நடத்தினார்கள். அவர் பயன்படுத்திய வடிவங்களில் எழுதினார்கள். அவர் புத்தகங்களைத் தாங்களே வடிவமைத்து அச்சுக்கு அனுப்பினார்கள். இறந்தவரின் வேலையைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்த வேலையின் கடினம் தெரிந்தது. கடினம் தெரிந்ததால் அவர் எவ்வளவு பெரியவர் என்பதும் தெரிந்தது. அழுகையும் ஆண்டுத் திதியும் தர முடியாத அறிவு அது.

முப்பத்தைந்து ஆண்டு வாழ்வில் முழுமை இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முழுமை ஆயுளின் நீளத்தைப் பொறுத்ததில்லை, அது ஒருவரால் மட்டும் ஆவதும் இல்லை. முன்னால் வந்தவர்கள் அவருக்குத் தந்த கருவிகளையும், பின்னால் வந்தவர்கள் அவருக்காகச் செய்த உழைப்பையும் சேர்த்தே அதை அளக்க வேண்டும். அப்படி அளந்தால், சீக்கிரம் போன ஒவ்வொருவர் கணக்கிலும் நாம் இன்னும் செய்யாத பங்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் செய்து முடிக்கும் பொறுப்பு உயிரோடு இருக்கும் நமக்கு.